ஒற்றைச் செருப்போடு வந்தவர்

“முழுப் பூசணிக்காயக்கூட சோத்துல மறைச்சிடலாம். எங்கிட்ட ஒருத்தரும் வலிய மறைக்க முடியாது.”

இந்த அறிவிப்பை வெளியிட்டவர் மருத்துவர் அல்ல. மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு மேசைக்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டுகளாக அமர்ந்து, நேரம் குறித்துக் கொடுப்பவர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருப்பார்களே. ஆனால் எண்பது வயதுப் பெரியவரிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை வரை அவரை மேசையக்கா என்றுதான் அழைத்தார்கள். மேசைக்கு முன்னால் நிற்கும்போது எல்லோருக்கும் வயது குறைந்துவிடும்.

உள்ளே இருப்பவர் ஆஸ்டியோபதி பயின்ற ஒரு பெண்மணி. ஊசி போட மாட்டார். மாத்திரை எழுத மாட்டார். எலும்பு, மூட்டு, தசை எல்லாவற்றையும் கையாலேயே தொட்டுப் பார்த்து, அழுத்தி, நீட்டி, திருப்பி, வலிக்கு வழி தேடுவார். ஊரார் அவரை “நெட்டி முறிக்கிற டாக்டர்” என்பார்கள். ஏழு வருடம் படித்தவரை ஒரே சொடுக்கில் விரல் சொடுக்குபவர்களின் வரிசையில் நிறுத்திவிடும் அந்தப் பட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் புளி தின்றதுபோல் ஆகும். ஆனாலும் திருத்த மாட்டார். அந்த வேலை மேசையக்காவுடையது.

“நெட்டி முறிக்கணும்னா வீட்லயே முறிச்சுக்கங்க. இங்க வைத்தியம் பாப்பாங்க” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார்.

சிகிச்சைக்கூடம் முதல் மாடியில். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. முதுகுவலிக்காரர்கள் வந்து போகும் இடத்தை மாடியில் வைத்தது யாருடைய யோசனை என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பதினான்கு படிகள், லிஃப்ட் கிடையாது. ஆனால் மேசையக்காவின் புகழுக்கு அந்தப் படிகள்தான் அஸ்திவாரம். இரண்டு படிக்கு ஒரு தரம் சத்தம் நின்றால் முழங்கால். ஒரு படி கனமாகவும் மறு படி லேசாகவும் கேட்டால் இடுப்பு. கடகடவென்று ஏறி வந்து, கதவைக் கையால் தள்ளாமல் முதுகால் தள்ளித் திறந்தால் தோள்பட்டை. ஆள் மேசைக்கு வந்து சேருமுன் தீர்ப்பு தயாராகிவிடும்.

அதிலும் சந்தேகம் மிஞ்சினால் சோபா இருந்தது. காத்திருப்பு அறையில் ஐந்து நேர்நாற்காலிகள். ஆறாவதாக, உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும் ஒரு பழைய சோபா. அதற்கு மேசையக்கா வைத்திருந்த பெயர் ‘பொறி’. புதிதாக வருபவரைப் பணிவோடு அதில் உட்கார வைப்பார். பெயர் கூப்பிட்டதும் அவர் எழுந்திருக்கும் விதத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். தொடையில் கை ஊன்றினால் ஒரு கணக்கு, பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு பொம்மையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் இன்னொரு கணக்கு. அந்த எலும்புக்கூட்டின் வலது கை இரண்டு முறை கழன்று, இரண்டு முறையும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

“இடுப்பு. இடது பக்கம். மூணு நாள்.”

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“பத்தொம்பது வருஷம்” என்பார் மேசையக்கா, கண்ணாடியைத் துடைத்தபடி.

புதிதாக வருபவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் முதல் கட்டம், ‘எங்கே வலி?’ என்பது. அதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. தானே எழுதிவிடுவார். வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர், கழுத்து வைத்தியத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில், நாளிதழ் ஓரத்தில் மதிப்பெண் போட்டு வந்தார். நூறு பேரில் தொண்ணூற்றொன்று சரி.

“அந்த ஒம்பது பேர்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

“பொய் சொல்றாங்க சார்.”

டாக்டரம்மா மட்டும் எப்போதாவது மெல்ல முணுமுணுப்பார். “அக்கா, அந்தக் கட்டத்த அவங்களே சொல்லட்டுமே.”

“உங்களுக்கு நேரம் மிச்சம் பண்ணித் தர்றேன் டாக்டரம்மா.”

உள்ளே போனதும் டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுக்கொள்வார் என்பது மேசையக்காவுக்குத் தெரியாது. கதவு தடிமனானது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மனித குலம் மேசையக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறது. ‘வருமுன் அறிக’ என்று அவர் தானே தட்டச்சு செய்த ஒரு தாள் உண்டு. முதல் தடவை வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அதில் இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், ‘கொண்டு வருமுன் உறையைத் திறந்து பாருங்கள்’ என்ற வரி கணக்காசிரியரால் வந்தது. அவர் கொண்டு வந்த பெரிய உறையிலிருந்து டாக்டரம்மா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது அவருடைய வீட்டின் வரைபடம். “கழுத்துல ஒண்ணும் தெரியல சார். ஆனா சமையலறை ரொம்பச் சின்னதா இருக்கு” என்றாராம்.

‘தளர்வான உடை அணிந்து வரவும்’ என்பது, உட்காரவே முடியாத ஜீன்ஸோடு வந்து, கடைசியில் நின்றுகொண்டே வைத்தியம் பார்த்துக்கொண்டு போன ஒரு வங்கி ஊழியரின் நினைவாக. ‘சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லவும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவதை’ என்பதும், எலும்புத் தேய்வு, கர்ப்பம், பழைய விபத்து, பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள் என்பதும் டாக்டரம்மா சொல்லி எழுதியவை. ‘டக் என்று சத்தம் வந்தால்தான் குணமாகும் என்று நினைக்காதீர்கள்’ என்ற வரி, சத்தம் வரவில்லை என்று சண்டை போட்ட தையல்காரம்மாவால் வந்தது. அந்த அம்மாளுக்கு வலி போய்விட்டது. சத்தம் வராத ஆதங்கம்தான் போகவில்லை.

இப்படிப் பதினோரு வரிகள். பன்னிரண்டாவது வரி, கடைசியில், தாளில் இடம் போதாததால் பொடி எழுத்தில்: ‘கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ இங்கே வராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்.’ எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த அந்த வரியை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. மேசையக்கா மட்டும் எல்லா வரிகளையும் மனப்பாடமாக ஒப்பிப்பார், அதுவும் வீட்டில்.

வீட்டில் அவற்றைக் கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருடைய கணவர். பேருந்து ஓட்டுநர். பதினேழாம் எண் தடம், இருபத்தாறு வருடம். ரயில் நிலையத்தில் ஏறியவர்களை நீதிமன்றத்திலும், நீதிமன்றத்தில் ஏறியவர்களை ரயில் நிலையத்திலும் இறக்கிவிட்டு, இரு தரப்பினரின் புலம்பலையும் முதுகால் கேட்டுக் கேட்டுப் பண்பட்ட மனிதர். வீட்டிலும் அதே பண்பு. மேசையக்கா சொல்லச் சொல்லக் கேட்பார்.

“இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க. தும்மல் வந்தப்ப சுவத்தப் பிடிச்சுக்கிட்டாரு. அப்பவே சொல்லிட்டேன், டிஸ்க்.”

“அப்படியா?”

“முதுகுவலிக்காரங்க ஷூ லேஸ் கட்ட மாட்டாங்க, தெரியுமா? கீழ விழுந்தத எடுக்க மாட்டாங்க. உக்காந்தா ஒரு பக்கமா உக்காருவாங்க. ஒருத்தரும் எங்கிட்ட மறைக்க முடியாது.”

“அதுசரி” என்பார் ஓட்டுநர்.

இப்படி வருடக்கணக்கில், சாப்பாட்டு மேசையில், பாடம் நடந்தது. மேசையக்கா தன் கலையை உலகில் ஒரே ஒருவருக்குத்தான் முழுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒருவர்தான் அதை அவருக்கு எதிராகவே பயன்படுத்தினார்.

அந்த வருடம் மழைக்கு முன்பாக ஓட்டுநருக்கு இடுப்பில் ஒரு வலி பிடித்தது. பிறகு அது பின்தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலுக்கு வந்தது. டிப்போவில் விஷயம் தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓட்டாத ஓட்டுநரைப்போல் உலகத்தில் பாவம் எதுவும் இல்லை என்பது அவர் கொள்கை. வீட்டில் தெரிந்தால் டிப்போவுக்குத் தெரியும். மேசையக்காவே நேரில் போய்ச் சொல்லிவிடுவார். ஆகவே மறைத்தார். எப்படி மறைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாடத்திட்டம் முழுவதும் கையில் இருந்தது.

லேஸ் வைத்த ஷூவை மூட்டை கட்டிவிட்டு, செருப்புக்கு மாறினார். “கால் காத்தாட இருக்கட்டுமே.” தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓடினார். “தூசி.” நின்றுகொண்டே சாப்பிட்டார். “நாள் முழுக்க உக்காந்துதானே இருக்கேன், வீட்லயாவது நிக்கறேனே.” கீழே எது விழுந்தாலும் குனியவில்லை; காலால் மெல்ல அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, “எங்க போச்சுன்னே தெரியலியே” என்றார்.

மேசையக்கா இதையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு எதிர் வீட்டம்மாளிடம் பெருமையாகவே சொன்னார்: “எங்க வீட்டுக்காரரு வீட்ல ஒரு நிமிஷம் உக்கார மாட்டாரு. அவ்வளவு சுறுசுறுப்பு.”

நான்காவது வாரத்தில் வலி எல்லை மீறியது. யாரிடமாவது யோசனை கேட்டாக வேண்டும். உலகிலேயே நன்றாக யோசனை சொல்லும் ஆள் தன் எதிரில்தான் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் ஒரு நண்பரை உருவாக்கினார்.

“எங்க டிப்போல ஒருத்தன். பாவம், இடுப்புலேர்ந்து காலுக்கு வலி இறங்குதாம்.”

மேசையக்கா தட்டைக் கீழே வைத்தார். “எத்தன நாளா?”

“ஒரு மாசம்.”

“ஒரு மாசமா? என்ன மனுஷன்! கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

“அவன் பொண்டாட்டி என்ன செய்யறா? கண்ணு தெரியாதா அவளுக்கு?”

ஓட்டுநர் கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். “அவளுக்கு வேலை ஜாஸ்தி” என்றார்.

அன்றிலிருந்து இல்லாத அந்த நண்பர் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியேறினார். தினமும் மாலையில் அவருடைய உடல்நிலை விசாரிக்கப்பட்டது. மேசையக்கா கேட்பதைக் கணவர் ‘கேட்டுக்கொண்டு’ மறுநாள் பதில் கொண்டு வந்தார்.

“வர்றதுக்கு முன்னால வயிறு முட்டச் சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. பட்டினியாவும் வர வேணாம்.”

“சொல்றேன்.”

“சட்டையக் கழட்டச் சொல்வாங்க. கூச்சமா இருந்தா சொல்லலாம், துணி போத்திக்கிட்டே பாப்பாங்க. கூட ஆள் வேணும்னா கூட்டிட்டு வரலாம். செவுத்துல டாக்டரம்மாவோட பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கு, படிச்சுப் பாத்துக்கட்டும். படிக்காம முதுகக் குடுக்கக் கூடாது, யாருகிட்டயும்.”

“ரொம்ப வலிக்குமான்னு கேக்கறான்.”

“வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும். பல்லக் கடிச்சுட்டு வீரம் காட்டக் கூடாது. மறுநாள் ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும். அன்னிக்கே போயி அலமாரியத் தூக்கக் கூடாது. அப்புறம் ஒரே தடவல குணமாகும்னு வரவே கூடாது.”

“தூக்க மாட்டான்” என்றார் ஓட்டுநர் உறுதியாக.

ஒரு மாலை மேசையக்கா கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “கால் மரத்துப் போகுதாமா?” என்றார்.

கணவருக்கு ஒரு வாரமாகவே பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. தாளில் கடைசி வரி என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படித்த ஒரே நோயாளி அவர்தான்.

“அதெல்லாம் இல்லையாம்” என்றார்.

“நல்லவேளை. வியாழக்கிழமை நாலு மணிக்கு எழுதிட்டேன். வரச் சொல்லுங்க அந்த முட்டாள.”

வியாழக்கிழமை வந்தது. மேசையக்கா காலையிலிருந்தே உற்சாகமாக இருந்தார். முன்பின் பாராத ஒருவரின் முழுச் சரித்திரமும் தெரியும் என்பது அவர் தொழில் வாழ்க்கையில் முதல் முறை. கணக்காசிரியரிடமும் தையல்காரம்மாவிடமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்: “நாலு மணிக்கு ஒருத்தர் வருவாரு பாருங்க. படி ஏறும்போதே சொல்றேன்.”

நாலுக்கு ஐந்து நிமிடம். படியில் சத்தம் கேட்டது. மேசையக்கா தலையைச் சாய்த்தார். ஒரு படி ‘தப்’. அடுத்த படி சத்தமே இல்லை. மறுபடி ‘தப்’. மறுபடி ஒன்றுமில்லை. இப்படி ஒரு நடையை அவர் கேட்டதே இல்லை. பத்தொன்பது ஆண்டு அனுபவம் பதினான்கு படிகளுக்கும் வாய் திறக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அவருடைய கணவர் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“நீங்க எதுக்கு வந்தீங்க? உங்க ஃப்ரெண்டு எங்க?”

“நான்தான்” என்றார் ஓட்டுநர்.

“நான்தான்னா?”

“அந்த முட்டாள் நான்தான்.”

கணக்காசிரியர் நாளிதழை மடித்து வைத்தார். மேசையக்காவின் பார்வை தானாகக் கீழே போனது. இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. பாதத்தில் தெருச்சேறு.

“ஒரு செருப்பு எங்க?”

ஓட்டுநரும் குனிந்து பார்த்தார். குனிய முடிந்த அளவுக்கு. அவர் முகத்தில் அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. “ரெண்டும் போட்டுட்டுத்தானே கெளம்பினேன்” என்றார்.

கணக்காசிரியர் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். நேர்நாற்காலி, பொறி அல்ல. மேசையக்கா ஒரு படிவத்தை எடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்தின் மேல் பேனா நின்றது. எழுத அவருக்கு எதுவும் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டார்.

“எங்க வலிக்குது?”

ஓட்டுநர் சொன்னார். இடுப்பு, பின்தொடை, கெண்டைக்கால். ஏழு வாரம். இன்றைக்குக் காலையில் வலி குறைந்துவிட்டது, சந்தோஷமாக வண்டியை எடுத்தார். ஆனால் நீதிமன்ற நிறுத்தத்தில் கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை.

“பிரேக்கக் கண்ணால பாத்து மிதிச்சேன். வண்டி நின்னுடுச்சு. உள்ள நாப்பது பேரு. அங்கயே ஓரங்கட்டிட்டு, டிப்போவுக்கு ஃபோன் போட்டு, வேற ஆள் வந்து வண்டிய எடுத்தப்புறம் நடந்து வந்தேன். சாவியக் குடுத்துட்டேன்.”

மேசையக்கா எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. “ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீ கேக்கலியே. நீ சொல்லுவ. கேக்க மாட்ட.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் மேசையக்கா பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பார். ஓட்டுநரோ வழக்கம்போல, நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, அமைதியாகச் சொன்னார். தையல்காரம்மா மூக்கைச் சிந்தினார்.

டாக்டரம்மா கதவைத் திறந்து, தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, ஓட்டுநரை உள்ளே அழைத்தார். மேசையக்காவையும் கூட வரச் சொன்னார். அந்தத் தடிமனான கதவுக்கு உள்பக்கம் என்ன நடக்கும் என்று மேசையக்கா முதல் முறையாகப் பார்த்தார். முதலில் டாக்டரம்மா எதையும் தொடவில்லை. கேட்டார். எப்போது, எங்கே, எப்படி. இருமினால், படுத்தால், நடந்தால். சிறுநீர் சரியாக வருகிறதா. தொடை இடுக்கில் தொட்டால் தெரிகிறதா. பதில் முழுதாக முடியும்வரை காத்திருந்தார். படிவத்தில் மேசையக்கா ஏற்கெனவே எழுதியிருந்ததையும் சேர்த்துக் கேட்டார்.

“எல்லாரையும் இப்படித்தான் கேப்பீங்களா?” என்றார் மேசையக்கா மெல்ல.

“எல்லாரையும் அக்கா.”

பிறகு முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதத்தைப் பஞ்சால் வருடி, “தெரியுதா?” என்றார். “எதைக் கேக்கறீங்க?” என்றார் ஓட்டுநர். கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னார். இடது விரல் எழுந்தது. வலது விரல், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுப்பப்பட்ட மாணவனைப்போல், அசையவில்லை.

ஓட்டுநர் சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுக்கத் தயாரானார். ஏழு வாரம் இதற்குத்தானே ஏங்கினார். “ஒரே ஒரு தடவ, டக்குன்னு எடுத்து விட்டுடுங்க டாக்டரம்மா. நாளைக்குக் காலையில டூட்டி.”

“இன்னிக்கு உங்க முதுகுல நான் கை வைக்க மாட்டேன்” என்றார் டாக்டரம்மா.

“அதுக்குத்தான வந்தேன்?”

“தெரியும். ஆனா நரம்பு நசுங்குது. வலி கொறஞ்சது நல்ல செய்தி இல்ல. நரம்பு பேசறத நிறுத்திடுச்சு. இத நான் திருப்பி விட்டா ஒருவேள இன்னும் கெட்டுப் போகலாம். ஒரு மணி நேரத்துல நீங்க பெரிய ஆஸ்பத்திரில இருக்கணும்.”

கைத்தொழிலால் வாழும் ஒருவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது எளிதல்ல. நெட்டி முறிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர். முறிக்கக் கூடாத முதுகைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டு, முறிக்காமல் அனுப்பியவர் அன்றைக்கு அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் கடிதம் எழுதினார், தொலைபேசியில் இரண்டு பேரை அதட்டினார், வண்டி வரவழைத்தார். பதினான்கு படிகளையும் ஓட்டுநர் இறங்க ஒரு பக்கம் கணக்காசிரியரும் மறு பக்கம் தையல்காரம்மாவும் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குக் கழுத்துவலி, இந்த அம்மாளுக்கு இப்போது புதிதாகத் தோள்வலி. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கீழே கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி, “இது யாரோடதுங்க? தெருவோரம் கெடந்துது” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததாம், அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் நாலைந்து நாள் போயிருந்தால் பாதம் திரும்பியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் அறுவை மருத்துவர். அவ்வளவு நாள் போகாமல் தப்பித்ததற்கு மேசையக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு செவிலியருக்கு, தள்ளுவண்டிக்காரருக்கு, லிஃப்டில் பொத்தான் அமுக்கியவருக்கு. கடைசியில் நன்றி சொல்ல ஆள் கிடைக்காமல், வார்டு வாசலில் இருந்த தண்ணீர் இயந்திரத்தைக்கூடத் தடவிக் கொடுத்துவிட்டு வந்ததாகத் தகவல்.

பதினேழாவது நாள் காலையில் கட்டை விரல் அசைந்தது. நெல்மணி அளவுக்கு. மேசையக்காதான் முதலில் பார்த்தார். ஆனால் அறிவிக்கவில்லை. “விரல் அசையற மாதிரி உங்களுக்குத் தெரியுதாங்க?” என்று கேட்டார். ஓட்டுநர் பார்த்தார். மறுபடி அசைத்தார். இரண்டு பேரும் அந்த விரலைக் குழந்தை முகத்தைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவர் படுப்பதற்காகக் கட்டிலை இடம் மாற்ற, அலமாரியை நகர்த்த வேண்டி வந்தது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் நகர்த்தினார்கள். அடியில் கிடந்தவை: மூன்று பேனா, இரண்டு கரண்டி, மேசையக்கா தேடித் தேடி அலுத்த சீப்பு, ஒரு சட்டைப் பொத்தான், போன மாத மின்கட்டண ரசீது. ஏழு வாரத்து வலி அங்கே வரிசையாகத் தூசி படிந்து கிடந்தது. மேசையக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். முன்பெல்லாம் மற்றவர் முதுகைப் பார்த்து ‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்று பழமொழி சொல்லிச் சிரிப்பவர் அவர். அன்றைக்கு ஒரு பழமொழியும் சொல்லவில்லை.

ஐந்து மாதம் ஓட்டுநர் டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து சீட்டு எண்ணினார். அறுவை மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு, டாக்டரம்மாவிடம் ஒழுங்காக முன்பதிவு செய்து, தளர்வான உடையில், ஸ்கேன் உறையைத் திறந்து பார்த்துச் சரிபார்த்து, வயிறு பாதி நிரம்பி, வந்து போனார். சத்தம் ஒன்றும் வரவில்லை. தையல்காரம்மா அவருக்காக வருத்தப்பட்டார். ஆறாவது மாதம் போக்குவரத்துக் கழக மருத்துவர் பாதத்தைச் சோதித்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இப்போது பதினேழாம் எண் பேருந்து தினமும் நாலு பத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போகிறது. அங்கே ஒலி எழுப்பக் கூடாது என்று பலகை இருக்கிறது. அதனால் ஓட்டுநர் முகப்பு விளக்கை இரண்டு முறை சிமிட்டுவார். ஜன்னல் வழியாக அந்த வெளிச்சம் காத்திருப்பு அறைச் சுவரில் ஏறி, எலும்புக்கூட்டின் டேப் போட்ட கையைத் தொட்டுவிட்டுப் போகும். டாக்டரம்மாவுக்கு அது எதற்கு என்று தெரியும், தெரியாததுபோல் இருப்பார்.

‘வருமுன் அறிக’ தாள் புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டது. பன்னிரண்டாவது வரி இப்போது முதல் வரி, தடித்த எழுத்தில். சோபாவையும் தூக்கிவிடலாம் என்றுதான் மேசையக்கா முடிவு செய்தார். ஆனால் அங்கே வந்து போகும் ஒருவராலும் அதைப் பதினான்கு படி இறக்க முடியாது என்பதால் அது அங்கேயே இருக்கிறது. மேலே ‘உட்கார வேண்டாம்’ என்று ஒரு அட்டை.

சென்ற வாரம் நாலு மணி சுமாருக்குப் படியில் சத்தம். ஒரு படி கனம், மறு படி லேசு. கணக்காசிரியர் நாளிதழ் ஓரத்தைத் தயாராக மடித்துக்கொண்டார். கதவு திறந்தது. நடுத்தர வயது ஆள். வலது கை இடுப்பை இறுகப் பிடித்திருந்தது. முகத்தில் சுளிப்பு. இடுப்பு, வலது பக்கம், ஒரு வாரம். முதல் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அறையிலிருந்த எல்லாக் கண்களும் மேசையக்காவின் மேல் திரும்பின.

மேசையக்கா கண்ணாடியைத் துடைத்தார். படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“வாங்க, உக்காருங்க. எங்க வலி?”

“எடது தோள்பட்டைம்மா. கையத் தூக்க முடியல.”

“இடுப்பப் பிடிச்சுட்டு இருக்கீங்களே?”

“நீங்கதான ஃபோன்ல தளர்வா போட்டுட்டு வரச் சொன்னீங்க” என்றார் அவர், பரிதாபமாக. “அண்ணனோட பேண்ட். விட்டா விழுந்துடும்.”

மேசையக்கா சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தார். பிறகு முதல் கட்டத்தில் ‘இடது தோள்பட்டை’ என்று எழுதி, எழுதியதைப் படிவத்தோடு அவர் பக்கம் திருப்பினார்.

“சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.